அனிமே: பொருளும் பிறப்பும் தமிழ் வடிவமும்

அனிமே என்பது யப்பானிய அசைவூட்டப் படங்களைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் பெயர்ச்சொல் ஆகும். ஆனால் மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று ஆடும் மாயப்புனைவு விளையாட்டுகளின் விதிநூலைப் புரட்டுகிற ஒருவர், அதிலுள்ள வாள்வீரனைக் காட்டி “இது அனிமே மாதிரி இருக்கிறது” என்று சொல்லும்போது, அந்தத் தாளில் எதுவும் அசைவதில்லை. அகன்ற கண், பொட்டுப் போன்ற மூக்கு, காற்றில் பறக்கும் கூரிய முடிக்கற்றை, ஆளைவிடப் பெரிய வாள் ஆகியவற்றைக் கொண்ட ஒரு வரைமுறையையே அவர் குறிக்கிறார். இலங்கை மலையகத்தின் அட்டனிலும் பண்டாரவளையிலும் கைபேசியில் யப்பானியத் தொடர்களைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இந்தச் சொல்லை இவ்விரு பொருளிலும் தயக்கமின்றிக் கையாளுகிறார்கள். பெற்றோருக்கு எல்லாமே ‘கார்ட்டூன்’தான்.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அங்கே ‘அனிமா’ என்றால் மூச்சு, உயிர். அதன் வழிவந்த ஆங்கிலச் சொல்லான அனிமேஷன் யப்பானுக்குள் நுழைந்து, தொலைக்காட்சியைத் ‘தெரெபி’ என்று சுருக்கிய அதே வழக்கத்தினால் ‘அனிமே’ என்று நறுக்கப்பட்டது. ‘அசையும் படம்’ என்று பொருள்படும் ‘தோகா’ என்ற சொல் யப்பானியரிடம் ஏற்கனவே இருந்தது. 1956இல் தோயே திரைப்பட நிறுவனத்தின் கீழ் வந்த அசைவூட்டப்பட நிறுவனம் அதைத் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. எனினும் பேச்சில் நிலைத்தது நறுக்கிய சொல்தான். யப்பானியருக்கு அமெரிக்கப் படமும் அனிமேதான் என்பதையும், யப்பானுக்கு வெளியே வந்த பிறகே இச்சொல் ஒரு நாட்டின் படங்களை மட்டும் சுட்டுமாறு குறுகியது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரிய கண்ணுக்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று. படக்கதை ஓவியர் ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ போய்’ 1963 சனவரியில் யப்பானியத் தொலைக்காட்சியில் வாராந்தரத் தொடராக வந்தபோது, குறைந்த பணத்தில், குறைந்த எண்ணிக்கையான சித்திரங்களைக் கொண்டு ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதியை முடிக்க வேண்டியிருந்தது. உடல் அசையாமல் நிற்க, கண்ணும் வாயும் மட்டும் மாறும் முறையில் உணர்ச்சி முழுவதையும் கண் சுமக்க நேர்ந்தது. அந்தக் கண்ணின் வடிவத்தையும் தெசுகா பழைய அமெரிக்கக் கேலிப்படங்களிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

இனி விளையாட்டுக்கு வருவோம். இவ்வகை விளையாட்டுகளில் முதலாவதாக விற்பனைக்கு வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் வெளியானது. 1983இல் வந்த அதன் சிவப்புப் பெட்டியின் மேல் லாரி எல்மோர் தீட்டிய டிராகனைப் போல, எண்ணெய் வண்ணத்தில் தசையும் இரும்பும் தோலும் தனித்தனியே தெரியும் ஓவியங்களே அக்காலத்தில் அதன் முகமாக இருந்தன. யப்பானில் கதை வேறு விதமாகப் போனது. 1986இல் ‘கொம்ப்டிக்’ என்ற கணினி விளையாட்டு இதழில், நண்பர் குழு ஒன்று இதே விளையாட்டை ஆடியபோது பேசிய பேச்சு ஏறத்தாழ நாடக உரையாடலாகத் தொடர்ந்து அச்சிடப்பட்டது. ஆட்டத்தை நடத்திய ரியோ மிசுனோ அதை 1988இல் நாவலாக்கினார். 1990இல் அது ‘ரெக்கோர்ட் ஒஃப் லோடோஸ் வோர்’ என்ற அனிமேயாகவும் வந்தது. அதில் வரும் டீட்லிட் என்னும், எல்ஃப் எனப்படும் கற்பனைக் குலத்துப் பெண்ணுக்கு ஓவியர் யுதாகா இசுபுச்சி வரைந்த காதுகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அக்கால அமெரிக்க விதிநூல்களில் எல்ஃபின் காது பெரும்பாலும் மனிதக் காதின் நுனி சற்றுக் கூர்மையானது போலவே இருந்தது. இவளுடையதோ தலைக்கு இருபுறமும் கத்தி போல நீண்டு, கூந்தலைப் பிளந்துகொண்டு வெளியே நிற்கிறது. யப்பானிய எல்ஃப் என்றால் இந்தக் காதுதான் என்று பின்னர் ஆகிவிட்டது.

அந்த மேசையில் டீட்லிட்டாக ஆடியவர் ஹிரோஷி யமமோதோ என்ற ஆண் எழுத்தாளர். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதக் காமன் கூத்தில் ஆண்மகன் ரதியாக வேடம் கட்டி ஆடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பு இல்லை. உண்மையில் ‘பாத்திரமேற்பு விளையாட்டு’ என்ற ஏட்டுத் தொடரைவிட ‘வேடம் கட்டி ஆடுதல்’ என்பது நம்மூருக்கு விரைவாக விளங்கும்.

பின்னர் இந்த வரைமுறை வந்த வழியே திரும்பியது. 1997இல் கனடாவில் வெளியான ஒரு விளையாட்டு ‘பிக் ஐஸ், ஸ்மால் மவுத்’, அதாவது பெரிய கண், சிறிய வாய் என்றே பெயர் வைத்துக்கொண்டது. 2001இல் வந்த ‘எக்ஸால்டட்’ தொன்மக் கதையையும் அனிமேப் பாணியையும் கலந்தது. அண்மையில் இத்தாலியர் ஒருவர் உருவாக்கிய ‘ஃபாபுலா அல்டிமா’, யப்பானியக் கணினி விளையாட்டுகளையே தன் முன்மாதிரியாக வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறது. எண்ணெய் ஓவியத்தோடு வளர்ந்த பழைய ஆட்டக்காரர் சிலர் இதை அந்நியக் கலப்பு என்று சலித்துக்கொள்வதுண்டு. அமெரிக்கக் கேலிப்படத்தின் கண்ணும் அமெரிக்க விளையாட்டின் எல்ஃபும் யப்பானுக்குப் போய் உருமாறித் திரும்பியதை அந்நியம் என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஆனால் முகங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன, முடியின் நிறத்தை மாற்றினால்தான் ஆள் அடையாளம் தெரிகிறது என்ற அவர்களது மற்றக் குறையில் நியாயம் இருக்கிறது.

இங்கே இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. கொமினிகேஷன் கடையில் கறுப்பு வெள்ளையில் போட்டோக் கொப்பி எடுத்தால், எண்ணெய் ஓவியத்தின் நிழற்பகுதிகள் கருமையாகத் திரண்டு, டிராகன் எது குகை எது என்று தெரியாமல் போகின்றன. அனிமேப் பாணியின் தெளிவான கோடுகளோ கொப்பிக்கும் கொப்பி எடுத்தாலும் நிற்கின்றன. சித்திரப் பாடம் படிக்கிற பிள்ளை அதைப் பார்த்து நீலப் பேனாவால் அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வரைந்துவிடவும் முடிகிறது.

தமிழில் என்ன சொல்வது? அனிமேஷனுக்கு வழங்கும் ‘அசைவூட்டம்’, ‘உயிரூட்டம்’ ஆகிய இரண்டும் நல்ல சொற்கள். பின்னது இலத்தீன் வேருக்கே நெருக்கமானது. ஆயினும் அசையாத விதிநூல் ஓவியத்தை ‘அசைவூட்டப் பாணி’ என்றால் பொருள் முரண்படும். ‘கேலிச்சித்திரம்’ நம் பத்திரிகைகளில் அரசியலைக் கிண்டல் செய்யும் படத்துக்கு உரியது. ‘யப்பானிய ஓவியம்’ என்றால் மரப்பலகை அச்சுப்படங்கள் நினைவுக்கு வரும். ஆகவே படம் உண்டாகும் கலைக்கு அசைவூட்டம் என்றும், யப்பானியப் படத்துக்கு அனிமே என்றும், வரைமுறைக்கு அனிமேப் பாணி என்றும் பிரித்து வழங்குவதே தெளிவு என்பது என் கருத்து. ‘லயன்’ (தொழிலாளரின் தொடர்வீடு), ‘பெரட்டு’ (காலையில் வேலைக்கு ஆள் திரட்டுதல்) முதலியவற்றைத் தன் சொல்லாக்கிக்கொண்ட மலையகத் தமிழுக்கு இன்னுமொரு பிறமொழிச் சொல் பாரமாகிவிடாது.

வடிவத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலச் சாயலில் ‘எனிமே’ என்றும், ஒலியைத் தவறாகக் கேட்டு ‘அனிமி’ என்றும் எழுதுவதைத் தவிர்க்கலாம். யப்பானிய ஒலிப்பில் ஈறு குறிலே. ஆனால் மெய்யோடு கூடிய எகரக் குறிலில் தமிழ்ச் சொல் முடிவதைத் தொல்காப்பியம் ஏற்பதில்லை. ஆதலால் நெடிலாக்கி ‘அனிமே’ என்பதே இயல்பு. வேற்றுமை உருபு சேரும்போது ‘அனிமேயை’, ‘அனிமேவை’ என இரண்டையும் எழுதுவோர் உண்டு. ஏகார ஈற்றின் பின் யகர வகர உடம்படுமெய்கள் இரண்டும் வரலாம் என்பதை ‘ஏமுன் இவ்விருமையும்’ என்று நன்னூல் சொல்வதனால், இரண்டும் சரியே.