தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

"நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்சதுமே நிறுத்திட்டேன் டாக்டர். வயித்துல குழந்தை இருக்கும்போது மாத்திரை சூடாமே." பதினான்காவது வாரத்தில் இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் ஃபைலைப் புரட்டினால், கல்யாணத்துக்குப் பிறகு 2-இல் நின்ற டி.எஸ்.எச். 14-க்கு ஏறியிருக்கும். தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய ரத்தத்தில் ஏறுவதுதான் இந்த டி.எஸ்.எச். யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும்தான் சொன்னாங்க."

எல்லாரும் சொன்னாலும் தவறு தவறுதான். அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின், வெளியிலிருந்து வந்து உடம்போடு மல்லுக்கு நிற்கும் மருந்து அல்ல. உங்கள் கழுத்துச் சுரப்பி சுரக்க வேண்டிய அதே ஹார்மோன். சுரப்பி கொடுக்காத பங்கை மாத்திரை கொடுக்கிறது, அவ்வளவுதான். வயிற்றுப் பிள்ளையின் தைராய்டு வேலையைத் தொடங்கவே ஏறக்குறைய 12 வாரம் ஆகும். தேவையான அளவு சுரக்க 18, 20 வாரம். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோன் தாயின் ரத்தத்திலிருந்துதான் போயாக வேண்டும். குழந்தையைக் காப்பாற்றுவதாக நினைத்து நீங்கள் நிறுத்துவது குழந்தையின் பங்கைத்தான். கருச்சிதைவு, குறைப்பிரசவம், ரத்த அழுத்தம் ஆகிய அபாயங்களும் இதனால் கூடும். அயோடின் உப்பு சாப்பிடுகிறோமே என்பார்கள். சாப்பிடுங்கள், ஆனால் அது மாத்திரைக்கு ஈடாகாது.

உண்மையில் கர்ப்பத்தில் அளவைக் கூட்டத்தான் வேண்டும். கர்ப்பம் உறுதியான அன்றே டாக்டருக்கு போன் செய்யுங்கள். பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம் கூட்டுவோம். வாரம் 7 மாத்திரை போடுகிறவர் 9 போடுவார். அதன்பின் 20 வாரம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச்., 30-ஆவது வாரத்தை ஒட்டி இன்னொரு முறை. 2.5-க்குள் வைத்திருக்கப் பார்ப்போம். தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்காக கார்பிமசோல் எடுப்பவர்களின் கணக்கு வேறு. முதல் மூன்று மாதத்தில் அந்த மருந்தையே மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல், தெரிந்த உடனே வந்துவிடுங்கள்.

நிறுத்தாமல் போட்டும் டி.எஸ்.எச். இறங்காதவர்களிடம் விசாரித்தால், காபியோடு விழுங்கியிருப்பார்கள், அல்லது சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்து ஒரே கையில். இரும்பும் கால்சியமும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. காபி ஏழு மணிக்கு. இரும்புச்சத்து 11 மணிக்கு, டீ இல்லாமல். கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும். தைராய்டு மாத்திரைக்கும் மற்ற இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள், ரிப்போர்ட்டையே குழப்பிவிடும்.

இன்னொன்று, வீட்டுப் பெரியவர்களுக்கு. பகலெல்லாம் அசதி, மலச்சிக்கல், காரணமில்லாத அழுகை என்று வீட்டிலுள்ள கர்ப்பிணிப் பெண் சொன்னால் "மசக்கைதான், எங்களுக்கு இல்லாததா" என்று தள்ளிவிடாதீர்கள். தைராய்டு குறைந்தாலும் இதே அறிகுறிகள்தான், ரத்தசோகையிலும் மனச்சோர்விலும் இதேதான். பரிசோதனை இல்லாமல் எது என்று சொல்ல எங்களாலேயே முடியாது. ராத்திரி படுத்ததும் கால் குறுகுறுத்து, உதறினால்தான் நிம்மதி என்றால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேலும் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், டி.எஸ்.எச். சரியாகட்டும் என்று காத்திருக்காமல் மனநல மருத்துவரையும் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பிரசவம் ஆனதும் மறுபடியும் "பால் கொடுக்கிறாளே" என்று நிறுத்தச் சொல்வார்கள். தாய்ப்பாலுக்கு இந்த மாத்திரையால் தொந்தரவு இல்லை. கர்ப்பத்துக்கு முந்தைய அளவுக்கு டாக்டர் குறைத்துத் தருவார், ஆறாவது வாரத்தில் ஒரு டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள்.