புளூம் வடிகட்டி: சொல் விளக்கம்

ஒரு தொகுதியில் குறிப்பிட்ட உறுப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு மிகக் குறைந்த நினைவகத்தில் விடை தரும் நிகழ்தகவுத் தரவுக் கட்டமைப்பே புளூம் வடிகட்டி. அது "இல்லை" என்றால் உறுதியாக இல்லை. "இருக்கிறது" என்றால் சில வேளைகளில் அந்த விடை பிழையாகலாம்.

1970இல் பர்ட்டன் ஹோவர்ட் புளூம் இதை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். வரியிறுதியில் ஆங்கிலச் சொற்களை உடைக்கும் நிரல்தான் அவர் காட்டிய எடுத்துக்காட்டு: பெரும்பாலான சொற்கள் எளிய விதிகளுக்கு அடங்கிவிட, எஞ்சிய சிலவற்றுக்காக மட்டுமே வட்டிலுள்ள அகராதியைத் தேட வேண்டியிருந்தது; ஒரு சொல் அந்தச் சிலவற்றுள் ஒன்றா என்பதை வடிகட்டி முன்கூட்டியே சொல்லிவிடும். புளூம் என்பது ஆளின் பெயர் என்பதால் "மலர் வடிகட்டி" என்று மொழிபெயர்ப்பது பிழை. "சல்லடை" என்பாரும் உளர். எனினும் தேநீர் வடிகட்டியில் சிறிது தூள் கோப்பைக்குள் இறங்கினாலும் தேநீர் தங்கிவிடுவதில்லை என்பதால், வேண்டாதவை சில நுழையலாம், வேண்டியது எதுவும் தடைபடாது என்னும் பண்புக்கு "வடிகட்டி" என்பதே நன்கு பொருந்துகிறது.

பல கருவிகளின் தரவை வழிநெடுகச் சேர்த்து ஓரிடத்துக்கு அனுப்பும் வலையமைப்புத் தரவுத் திரட்டலில் இதன் பயன் தெளிவாகத் தெரியும். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் தண்ணீர் மீட்டர்களுள் கசிவு கண்டவற்றின் எண்களைத் திரட்டுவதாகக் கொள்வோம். ஆயிரம் எண்களை எட்டெட்டு பைட்டாக அனுப்பினால் 8,000 பைட் செல்லும். நூற்றுக்கு ஒரு பிழையை ஏற்றுக்கொண்டால், ஏழு ஹேஷ் சார்புகளுடன் (ஓர் எண்ணைத் தந்தால் வரிசையில் ஓர் இடத்தைக் கணித்துத் தரும் விதிகள்) ஏறத்தாழ 1,200 பைட் போதும். ஒவ்வோர் எண்ணும், தொடக்கத்தில் எல்லாம் 0 ஆக உள்ள பிட் வரிசையில் ஏழு இடங்களை 1 ஆக்கும். ஓர் எண்ணைக் கேட்கும்போது அதன் ஏழு இடங்களும் 1 என்றால் "இருக்கிறது", ஒன்றேனும் 0 என்றால் "இல்லை" என்பது விடை. ஒரே அளவும் ஒரே சார்புகளும் கொண்ட இரு வடிகட்டிகளைப் பிட்டுக்குப் பிட் "அல்லது" செயலால் (இரண்டில் ஒன்றேனும் 1 என்றால் 1) இணைத்தால் இரண்டின் திரட்டு கிடைக்கும்; ஒரே செய்தி இரு வழிகளில் வந்து சேர்ந்தாலும் விடை மாறாது. ஆனால், இறுதித் திரட்டின் அளவுக்கேற்ப வரிசையின் நீளத்தைத் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும்.

பாதுகாப்பே இதன் வலுவற்ற பக்கம். தரவை இடையில் கடத்தும் கருவியான கணு ஒன்று எல்லாப் பிட்களையும் 1 ஆக்கிவிட்டால் எந்த எண்ணைக் கேட்டாலும் "இருக்கிறது" என்றே விடை வரும். 1களை 0 ஆக்கினால் கசியும் மீட்டர் மறைந்துபோகும், "இல்லை" என்ற விடைக்கு இருந்த உறுதியும் போய்விடும். மறைதிறவியோடு (உரியவர் மட்டும் அறிந்த இரகசிய எண்) கூடிய ஹேஷ் சார்புகள், எந்த எண் எந்த இடங்களில் விழும் என்பதை வெளியாள் கணிக்க முடியாமல் செய்கின்றன. செய்தியின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க அதனுடன் இணைக்கும் ஏற்புக்குறி, வழியில் நடந்த மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சரியாக அளவிட்ட வடிகட்டி நிரம்பும்போது ஏறத்தாழப் பாதிப் பிட்களே 1 ஆக இருக்கும் என்பதால், அதைவிட மிக அதிகமாக நிறைந்து வருவதைப் பெறுமிடத்திலேயே நிராகரித்துவிடலாம்.