காலையிலிருந்தே நிரம்பும் கோபம்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டில் ஒரு பச்சை எனாமல் தூக்குவாளி தொங்குகிறது. அப்பத்தா காலத்துச் சாமான். அதன் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எனாமல் பெயர்ந்து, உள்ளே இரும்பு கருப்பாகத் தெரியும். எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிப் படிய வைத்த கண்ணாடி. அடிபட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், மறுபடி ஒட்ட வைக்க முடியாது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதத்தில், வளவு என்று நாங்கள் சொல்லும் நடுக்கட்டு முற்றத்தின் கல்தரையில் அதை ஓங்கி எறிந்தவன் நான்தான்.

ஏழு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு அது. மழைக்கு ஒழுகுகிறது என்று புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என வசூல் செய்து, ஓடு மாற்றும் வேலையை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அன்று மத்தியானம் சித்தப்பா மகன் வந்து, "ஓடு வாங்குன பில்லை எங்கண்ணே வச்சிருக்கீக?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அடுத்து நான் கத்திய கத்தலில் கொத்தனார்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். கையில் அகப்பட்டது அந்தத் தூக்குவாளி. ஒன்பது வயது மகள் தேக்குத் தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம். ராத்திரி படுக்கும்போது கேட்டாள்: "அப்பச்சி, சித்தப்பா என்ன தப்பு செஞ்சாக?"

என்னிடம் பதில் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அட்ரினல் சுரப்பியைப் பற்றி இருபது வருஷம் பாடம் எடுத்தவன் நான். அன்றைக்கு என் உடம்புக்குள் என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு தேடிப் படித்ததையும் என்னிடமே கவனித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல முன்கோபம் உள்ளவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் அந்த ஒரு நொடி. காதில் விழும் ஒலி மூளையில் தலாமஸ் என்ற சந்திப்புக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டு பாதை பிரிகிறது. ஒன்று, பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலாவுக்கு நேராகப் போகும் குறுக்கு வழி. மற்றது, ஒலியை அலசிப் பொருள் புரிந்துகொள்ளும் மேல் மூளையைச் சுற்றிக்கொண்டு அதே அமிக்டலாவுக்கு வரும் நீள வழி. ஜோசப் லெடூ என்ற அமெரிக்க நரம்பியலாளர் எலிகளை வைத்து இதைத் துருவி ஆராய்ந்தார். எலியின் மூளையில் குறுக்கு வழியில் செய்தி போய்ச் சேர சுமார் 12 மில்லி நொடி. மற்றதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மனித மூளை இதைவிடச் சிக்கலானது. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: சொன்னதன் அர்த்தம் பிடிபடுவதற்கு முன்பே 'ஆபத்து' என்ற மணி அடித்துவிடலாம்.

மணி அடித்ததும் ஹைப்போதலாமஸ் வழியாக உடம்புக்குக் கட்டளை பறக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது, வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குக் கூடுகிறது. சண்டை போடு அல்லது ஓடு என்ற இந்த ஆயத்தத்தை வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1915இல் விளக்கி எழுதினார். அவருடைய மாணவர் பிலிப் பார்ட் 1928இல் செய்த சோதனைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. மூளையின் மேற்பகுதி நீக்கப்பட்ட பூனைகள், லேசாகத் தொட்டாலே சீறி முதுகை வளைத்து நகத்தை நீட்டின. ஹைப்போதலாமஸின் பின்பகுதியையும் எடுத்த பிறகு அந்தச் சீற்றம் அப்படி வரவில்லை. சீற்றத்தின் இயந்திரம் மூளையின் அடியில் இருக்கிறது, அதன் பிரேக் மேலே இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணிதான் அந்த பிரேக்கில் பெரும்பங்கு. 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்று நம் ஊரில் சொல்வது உடற்கூறுப்படியும் சரியான பேச்சு.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் கிடைப்பதுதான். என்னை உலுக்கியது அடுத்து படித்தது.

அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. ஆனால் அது கிளப்பிவிட்ட படபடப்பு அவ்வளவு சீக்கிரம் அடங்காது. கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் உச்சத்துக்கு வரவே இருபது முப்பது நிமிடம் ஆகும். அப்படி அடங்காத மிச்சத்தோடு இருக்கும்போது யாராவது சீண்டினால் என்ன ஆகும்? டால்ஃப் ஜில்மன் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்தில் இதைத்தான் சோதித்தார். சிலரை உடற்பயிற்சி சைக்கிளை வேகமாக மிதிக்கச் சொன்னார். சிலருக்கு உட்கார்ந்து செய்யும் லேசான வேலை கொடுத்தார். கோபமூட்டப்பட்டவர்களில், சைக்கிள் மிதித்தவர்கள்தான் எதிராளிக்குக் கடுமையான தண்டனை கொடுத்தார்கள். மிதித்ததால் வந்த படபடப்பு கோபத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தப் படபடப்பு சைக்கிளால் வந்தது என்று மிதித்தவருக்கு நினைவு இருக்கும்வரை அது கோபமாக மாறுவது குறைவு. மூச்சு ஓரளவு சீராகி, 'நான் சரியாகத்தான் இருக்கிறேன்' என்று தோன்றும் நேரம்தான் மோசம். உடம்பில் மிச்சம் இருக்கும், அது எங்கிருந்து வந்தது என்று மறந்திருக்கும். அப்போது எதிரே நிற்பவர் மேல் பழி விழுகிறது.

இதைப் படித்த அன்று நோட்டை எடுத்து அந்த மே மாத நாளைப் பின்னோக்கி எழுதினேன்.

முந்தின ராத்திரி சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தேன், பொட்டுத் தூக்கம் இல்லை. 2007இல் தூக்கத்தை ஆராயும் மேத்யூ வாக்கரும் அவருடைய குழுவினரும் சுமார் 35 மணி நேரம் விழித்திருந்தவர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். தூங்கியவர்களைவிட அவர்களுடைய அமிக்டலா சுமார் 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியது. முன்மூளையோடு அதற்கிருந்த பிடிப்பும் தளர்ந்திருந்தது. நான் விழித்திருந்தது அவ்வளவு நேரம் இல்லை, ஆனாலும் பிரேக் தேய்ந்த வண்டியோடுதான் அன்றைய நாளைத் தொடங்கியிருக்கிறேன்.

காலையில் ஒரு காபி, அவ்வளவுதான். ஒன்பது மணிக்கு வரவேண்டிய கொத்தனார் பதினொன்றுக்கு வந்தார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் அவரோடு கூரைமேல் ஏறி, கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். வெயில் வெறும் சாக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் கென்ரிக், மக்ஃபார்லேன் என்ற இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பச்சை விளக்கு விழுந்தும் ஒரு காரை நகராமல் நிறுத்தி வைத்து, பின்னால் நிற்பவர்கள் எப்படி ஹாரன் அடிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். வெயில் ஏற ஏற ஹாரனும் ஏறியது. ஏசி இல்லாமல் கண்ணாடியை இறக்கியிருந்தவர்களிடம் இன்னும் தெளிவாக ஏறியது. நம் பக்கத்தில் சுண்ணாம்புச் சுவர் எழுப்பி, நடுவில் முற்றம் விட்டு வீட்டுக்குள் குளுமையைப் பிடித்து வைத்தவர்கள், அதோடு மனிதர்களின் பொறுமையையும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கூரையிலிருந்து இறங்கி, முகம் கழுவி, பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஓரளவு சாந்தமாகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில்தான் சித்தப்பா மகன் வந்தான்.

அவனை நான் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவன் வந்தபோது ஏறக்குறைய எல்லாமே நிரம்பியிருந்தது. கடைசிச் சொட்டு அவன் கையிலிருந்து விழுந்தது, அவ்வளவே.

ஆனால் அந்தக் கேள்வியில் எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்குப் பன்னிரண்டு வயதில், இதே வளவில், ஒரு பங்காளி எங்கள் அப்பச்சியைப் பார்த்து எல்லாருக்கும் முன்னால் கணக்குக் கேட்டார். அப்பச்சி தலைகுனிந்து நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. லெடூவின் எலிகள் ஓர் ஒலியோடு ஷாக்கையும் சேர்த்து வாங்கிய பிறகு, அந்த ஒலி கேட்டாலே உறைந்து நின்றன. எனக்குக் 'கணக்கு', 'பில்லு' என்ற சொற்கள் அந்த ஒலி போல. அவன் கேட்டது ஒரு காகிதத்தை. என் காதில் விழுந்தது 'நீ பணம் அடித்துவிட்டாய்' என்று. ஒவ்வொரு முன்கோபிக்கும் இப்படி இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். ஒருவருக்கு 'உனக்கு என்ன தெரியும்'. இன்னொருவருக்குப் பதில் சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பது. உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. வெடித்து அடங்கிய அன்று ராத்திரியே, முந்தின பன்னிரண்டு மணி நேரத்தையும் கடைசியாகக் காதில் விழுந்த சொல்லையும் எழுதி வையுங்கள். பத்து முறை எழுதினால் உங்கள் சொல் தானே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் அந்த நோட்டு காட்டியது. அது எனக்கு வலித்தது. தாமதமாக வந்த கொத்தனார் மேல் நான் கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை அவமானப்பட்டும் தலைமை ஆசிரியர் மேல் எதையும் எறிந்ததில்லை. என்னைவிடச் சின்னவன் மேல், திருப்பி அடிக்க மாட்டான் என்று தெரிந்தவன் மேல்தான் வெடித்தேன். 'கண்மண் தெரியாமல் கோபம் வந்துவிட்டது' என்று நாம் சொல்வது முழு உண்மை அல்ல. யாரிடம் விடலாம், யாரிடம் கூடாது என்று அந்த நொடியிலும் மூளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பிரேக் இருக்கிறது, சில இடங்களில் நாம் அதை மிதிப்பதில்லை. 'கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்' என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். தூணுக்குப் பின்னால் நின்ற குழந்தையின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை.

சரி, வந்த கோபத்தை என்ன செய்வது? கொட்டித் தீர்த்துவிட்டால் மனசு லேசாகும் என்பது பரவலான நம்பிக்கை. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 600 கல்லூரி மாணவர்களுக்குக் கோபமூட்டினார். ஒரு பகுதியினர் தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். அவர்களுக்குத்தான் கடைசியில் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் ஆக்ரோஷம் மிகக் குறைவாக இருந்தது. 2024இல் அவரும் சோஃபி ஷெர்விக்கும் 154 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மூச்சுப் பயிற்சி, யோகா, தியானம், தசைகளைத் தளர்த்துதல் என்று படபடப்பை இறக்கும் எதுவும் கோபத்தை இறக்கியது. ஓட்டம் போலப் படபடப்பை ஏற்றுபவை மொத்தத்தில் உதவவில்லை. ஜில்மனின் சைக்கிளை நினைத்தால் இது ஏன் என்று புரியும்.

மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பதும் ஒரு வகையில் குத்துவதுதான். 2024இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் நடத்திய ஆய்வில், பழைய கோபத்தை வெறும் எட்டு நிமிடம் நினைத்துப் பார்த்தவர்களின் ரத்தக் குழாய்கள் விரியும் திறன் குறைந்தது. அது நாற்பது நிமிடம் வரை நீடித்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், பிரஷர் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கோபம் வெடித்த அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் கூடுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன.

நான் செய்வது இதுதான். தாடை இறுகும்போதே எனக்குத் தெரிந்துவிடும். கத்தலுக்கு முன் எனக்கு வரும் முதல் அடையாளம் அது. உடனே மூச்சை மெதுவாக, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுவேன். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகும், விடும்போது வேகஸ் நரம்பின் வேலையால் கொஞ்சம் மெதுவாகும். உடம்பு நமக்கென்று விட்டு வைத்திருக்கும் கைப்பிடி அது ஒன்றுதான். இதயத்தையோ சுரப்பியையோ நாம் நேராகத் தொட முடியாது. அடுத்து, என்ன உணர்கிறேன் என்று மனசுக்குள் பெயர் சொல்வேன்: 'அவமானமாக இருக்கிறது', 'பசிக்கிறது'. 2007இல் மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளர் நடத்திய ஸ்கேன் ஆய்வில், படத்தில் உள்ள முகங்களில் தெரியும் உணர்ச்சிக்கு ஒரு சொல்லால் பெயரிட்டபோது அமிக்டலாவின் துள்ளல் குறைந்தது. அதுவும் போதாவிட்டால், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன், அரை மணி நேரமாவது. சொல்லிவிட்டுப் போவது முக்கியம். சொல்லாமல் போனால் அது எதிரே இருப்பவருக்கு இன்னொரு அடி.

எல்லாருக்கும் இது போதாது. மூன்று மாதமாக வாரத்துக்கு இரண்டு முறையாவது கத்தித் தீர்ப்பது, அல்லது ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை பொருளை உடைத்தோ ஆளை அடித்தோ விடுவது, காரணத்துக்குச் சம்பந்தமில்லாத அளவில் இப்படி நடப்பது என்றால் மருத்துவத்தில் அதற்கு ஒரு கோளாறாகவே பெயர் உண்டு. பேச்சு வழிச் சிகிச்சையும் சிலருக்கு மருந்தும் உதவுகின்றன. மனநல மருத்துவரிடம் போகத் தயக்கமாக இருந்தால், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். வீட்டில் கை ஓங்குகிற அளவுக்கு வந்திருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

போன சித்திரையில் மறுபடி ஓடு மாற்றும் வேலை. சித்தப்பா மகன் முகப்பில் தயங்கி நின்றான். எதற்கு வந்திருக்கிறான் என்று தெரிந்தது, தாடையும் இறுகியது. "தம்பி, நோட்டை எடுத்து வச்சிரு. நான் காலையிலேருந்து சாப்பிடலை, சாப்பிட்டு வந்துர்றேன்" என்றேன். அவன், "மெதுவா வாங்கண்ணே" என்று திண்ணையில் உட்கார்ந்தான். அரை மணி நேரம் கழித்து இருவரும் கணக்குப் பார்த்தோம். 340 ரூபாய் இடித்தது. ஆணி வாங்கிய பில் ஒன்று என் சட்டைப் பையிலேயே மடங்கிக் கிடந்தது. அதையும் சேர்த்து எழுதிவிட்டு, எல்லாப் பில்லையும் அந்தப் பச்சைத் தூக்குவாளியில் போட்டு மூடி வைத்தான்.