தளவிளைவு: வளவுத் தரையின் பளபளப்பும் வெடிக்கும் விண்மீனின் வடிவமும்

காரைக்குடிப் பக்கம் 'தளம்' என்றால் தரைதான். 'தளம் போட்டாச்சா?' என்று கேட்டால், ஆத்தங்குடிக் கல் பதித்தாயிற்றா என்று பொருள். இயற்பியல் புத்தகத்தில் 'தளவிளைவு' என்று கண்டதும் ஒருவர் கொத்தனார் வேலையை நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே தளம் என்பது ஒளி அதிரும் சமதளம். 'போலரைசேஷன்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வைத்திருக்கும் பெயர் தளவிளைவு. இலங்கையில் முனைவாக்கம் என்கிறார்கள். இந்த இரண்டில் ஒளிக்குப் பொருந்துவது தளவிளைவுதான். அதன் காரணம், வெடிக்கும் விண்மீன் உருண்டையா நீளமா என்று அளக்கும் முறைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பொருள். ஒளி ஒரு குறுக்கலை. போகும் திசைக்குச் செங்குத்தாக அதன் மின்புலம் அதிர்கிறது. விளக்கொளியில் அந்த அதிர்வு எல்லாப் பக்கமும் கலந்து கிடக்கும். அது தளவிளைவற்ற ஒளி. அதிர்வு ஒரே தளத்துக்குள் அடங்கினால் தளவிளைவுற்ற ஒளி. பாதி அடங்கி, பாதி கலந்து கிடந்தால் பகுதித் தளவிளைவு. வானத்திலிருந்து வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். எத்தனை பங்கு அடங்கியிருக்கிறது என்பதைச் சதவீதமாகச் சொல்வார்கள்.

கண்ணால் பார்க்க ஒரு போலராய்டு குளிர்கண்ணாடி போதும். ஊருணிப் படியில் நின்று எதிர்ப்பக்க வானம் தண்ணீரில் பளிச்சிடும் இடத்தைப் பாருங்கள். நீர் மட்டத்திலிருந்து கண் இருக்கும் உயரத்தை 1.33ஆல் பெருக்கினால் வரும் தொலைவில், கண்ணாடி வழியே பார்க்கும்போது பளபளப்பு ஏறக்குறைய செத்துவிடும். உள்ளே கிடக்கும் பாசியும் படியும் தெரியும். உயரம் 1.5 மீட்டர் என்றால் தொலைவு 2 மீட்டர். 1.33 என்பது நீரின் ஒளிவிலகல் எண். அந்தக் கோணம் (செங்குத்திலிருந்து 53 டிகிரி) புரூஸ்டர் கோணம். அந்தக் கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி கிடையாக மட்டுமே அதிர்கிறது, குளிர்கண்ணாடி அதைத் தடுத்துவிடுகிறது. கண்ணாடியைக் கழற்றி 90 டிகிரி திருப்பிப் பிடித்தால் பளபளப்பு திரும்பி வந்துவிடும். எண்ணெய் போட்டுத் தேய்த்த ஆத்தங்குடித் தரையிலும் இது நடக்கும். ஆனால் வளவில் (செட்டிநாட்டு வீட்டின் முற்றம் சூழ்ந்த பகுதியில்) மாட்டியிருக்கும் பெல்ஜியம் நிலைக்கண்ணாடியில் முயன்றால் ஏமாற்றம்தான். அங்கே ஒளியைத் திருப்புவது பின்னால் பூசிய உலோகம், உலோகம் இப்படிப் பிரித்து அனுப்பாது. குளிர்கண்ணாடி போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

அதைவிட நல்ல சோதனை வளவு முற்றத்திலேயே இருக்கிறது. சூரியன் மறையும் நேரம் முற்றத்தில் மல்லாந்து படுத்தால், நாலு கூரைக்கு நடுவே தெரியும் வானம் தலைக்கு நேர் மேலே, சூரியனிலிருந்து சரியாக 90 டிகிரியில் இருக்கும். காற்றில் செங்கோணமாகச் சிதறி வரும் அந்த நீல ஒளி பலமாகத் தளவிளைவுற்றது. அதன் அதிர்வு வடக்கு தெற்காக இருக்கும். கண்ணாடியைச் சுழற்றினால் அந்தச் சதுர வானம் இருண்டு வெளுக்கும். சிதறிய ஒளி எந்தப் பக்கம் அதிர்கிறது என்று பார்த்தே, மூல ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். விண்மீன் வெடிப்பைப் படிப்பதும் இதே கணக்குத்தான். சிதறடிப்பது மட்டும் அங்கே காற்றில்லை, எலெக்ட்ரான்.

இனிச் சொல்லின் கதை. 1669இல் டென்மார்க்கின் எராஸ்மஸ் பார்த்தோலின், ஐஸ்லாந்திலிருந்து வந்த கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தால் எதுவும் இரண்டாகத் தெரிவதைக் கண்டார். இதுதான் இரட்டை ஒளிவிலகல். 1808இல் பாரிசில் எத்தியென் லூயி மாலஸ், லக்சம்பர்க் அரண்மனையின் சன்னலில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை அப்படிப்பட்ட ஒரு படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைச் சுழற்ற, இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கி மற்றது வெளுத்தது. ஒளியைத் துகள் என்று நம்பிய காலம் அது. காந்தத்துக்கு இருப்பதுபோல் அந்தத் துகள்களுக்கும் முனைகள் உண்டு, பட்டுத் திரும்பும்போது அவை ஒரே பக்கம் அணிவகுக்கின்றன என்று எண்ணி, அதற்கு 'போலரைசேஷன்' என்று பெயர் வைத்தார். வேர் கிரேக்கத்தின் 'போலோஸ்', அதாவது அச்சு, இலத்தீனில் 'போலஸ்'. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல் ஒளி குறுக்கலை என்று காட்டினார். துகளின் முனை போயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

'முனைவாக்கம்' அந்தப் பிழையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகிறது. முனை என்றால் வடக்கும் தெற்கும் வேறு. காந்தத்தை 180 டிகிரி திருப்பினால் நிலைமை தலைகீழ், பழையபடி வர 360 டிகிரி சுற்ற வேண்டும். தளவிளைவுக்குத் தலையும் வாலும் கிடையாது. 180 டிகிரி திரும்பினாலே பழைய நிலை. தளவிளைவுக் கோணத்தை 0 முதல் 180 வரை மட்டுமே எழுதுவது இதனால்தான். காரைக்குடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் இது. மின்வேதியியல்காரர் 'போலரைசேஷன்' என்றால் மின்வாயின் மின்னழுத்தம் சமநிலையிலிருந்து விலகுவது. அங்கே மின்வாய் முனைவாக்கம் என்பது பொருந்தும், மின்வாய்க்கு முனை உண்டு. ஒளிக்கும் அதே சொல்லை வைத்தால் ஒரே கட்டடத்தில் இரண்டு பேர் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு பேசிக்கொண்டிருப்பார்கள்.

தளவிளைவிலும் குறை இல்லாமலில்லை. மின்புலம் சுழன்றுகொண்டே வரும் வகைக்கு 'வட்டத் தளவிளைவு' என்கிறோம். அதில் நிலையான தளமே இல்லை. ஆனால் விண்மீன் வெடிப்பில் வடிவத்தைச் சொல்வது நேர்வகைத் தளவிளைவு, ஆகவே இங்கே சொல் உறுத்தாது.

விண்மீன் வெடிப்பு என்று நான் எழுதுவது சூப்பர்நோவாவை. 'நோவா' என்றால் இலத்தீனில் புதியது. வானில் புதிதாக முளைத்த மீன் என்ற பொருளில் வந்த பெயர், நடப்பதோ பழைய மீனின் சாவு. 'மீயொளிர் விண்மீன் வெடிப்பு' என்ற முழுப்பெயரை முதல் முறை எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் வெடிக்கும் மீன் எந்தப் பெரிய தொலைநோக்கியிலும் ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து வடிவத்தை எப்படி எடுப்பது? ஓலைக் கொட்டான் ஒன்றை மேலிருந்து பாருங்கள். விளிம்பைச் சுற்றி ஓலை வட்டமாக ஓடுகிறது. வெடித்த மீனின் விளிம்பிலிருந்து வரும் ஒளியும் அப்படித்தான்: நடுவிலிருந்து கிளம்பி, விளிம்பில் எலெக்ட்ரானில் மோதி நம் பக்கம் திரும்பும்போது, விளிம்பை ஒட்டிய திசையிலேயே அதிர்கிறது. கொட்டானின் வாய் சரியான வட்டமானால் கிடையாக ஓடும் ஓலையும் நெடுக்காக ஓடும் ஓலையும் சமம், கூட்டினால் சுழி. வாயை இரண்டு பக்கமும் அமுக்கி நீளவட்டமாக்கினால் ஒரு திசை ஓலை மிஞ்சும். அந்த மிச்சம்தான் நாம் அளக்கும் தளவிளைவு. மிச்சம் சிறியது: 0.2 முதல் 0.3 சதவீதம் என்றால், பக்கவாட்டில் பார்க்கும்போது ஒரு அச்சு மற்றதைவிடப் பத்தில் ஒரு பங்கு குட்டை.

இந்தக் கணக்கின் வேரில் நிற்பவர் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். எலெக்ட்ரான் சிதறடிக்கும் விண்மீன் வளிமண்டலத்தில் விளிம்பு ஒளி 11.7 சதவீதம் வரை தளவிளைவுறும் என்று 1946இல் கணக்கிட்டார். அதைத் தேடிப் போன அமெரிக்க வானியலாளர் ஹில்ட்னருக்குக் கிடைத்தது வேறொன்று: விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசியே ஒளியைத் தளவிளைவுறச் செய்கிறது. இன்னொரு வானியலாளரான ஹாலும் அவரும் 1949இல் இதை வெளியிட்டார்கள். இன்று வெடிப்பை அளப்பவருக்குச் சந்திரசேகர் சொன்னது சரக்கு, ஹில்ட்னர் கண்டது கலப்படம்.

அளக்கும் கருவி தளவிளைவுமானி. அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளந்தால் நிறமாலைத் தளவிளைவு அளவியல். பெயர் நீளம், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலை செய்கிறது. உள்ளே முக்கிய உறுப்புகள் இரண்டு. முதலில் அரை அலைத் தட்டு, அதிர்வுத் தளத்தைத் திருப்புவது. தட்டை 22.5 டிகிரி சுழற்றினால் தளம் 45 டிகிரி திரும்பும். அடுத்து வோலாஸ்டன் பட்டகம், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அதிர்வுகளையும் இரண்டு கற்றையாகப் பிரித்து ஒரே உணரியில் பக்கத்துப் பக்கத்தில் விழ வைப்பது. தட்டை 0, 22.5, 45, 67.5 டிகிரியில் வைத்து நான்கு படம் எடுப்பார்கள். 0 டிகிரிப் படத்தில் இரண்டு கற்றைகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் க்யூ, 22.5இல் அதையே செய்தால் யூ. இவை ஸ்டோக்ஸ் அளவுருக்கள். மற்ற இரண்டு படம் எதற்கு? 0விலிருந்து 45க்குப் போகும்போது கற்றைகள் இடம் மாறிக்கொள்கின்றன. கருவி ஒரு கற்றையைக் கொஞ்சம் அதிகமாக விழுங்கினால், இரண்டையும் சேர்க்கும்போது அந்தப் பிழை அடிபட்டுப் போகும். எடைபோடும் தராசில் தட்டை மாற்றிப் பார்ப்பது போல. இரண்டு கற்றையும் ஒரே நேரத்தில் பதிவதால் மெல்லிய மேகம் வந்தாலும் பெரிதாகக் கெடாது.

க்யூ, யூ இரண்டையும் இருமடி எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் தளவிளைவின் அளவு. இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுவது. வர்க்கம் எப்போதும் நேர் எண். உண்மையில் தளவிளைவு சுழியாக இருந்தாலும் இரைச்சல் மட்டுமே சுழிக்கு மேல் ஒரு விடையைக் கொடுத்துவிடும். வெளிச்சம் குறைந்த மீனில் 'ஒரு சதவீதம் கண்டோம்' என்று எழுதும் முன் இந்தச் சாய்வைக் கழிக்க வேண்டும். க்யூவை 0.1 சதவீதத் துல்லியத்தில் அளக்கவே ஏறக்குறைய 10 லட்சம் ஒளித்துகள் வேண்டும். நிறமாலையாகப் பரப்பினால் ஒவ்வொரு அலைநீளக் கட்டத்துக்கும் அத்தனை. பெரிய தொலைநோக்கி கேட்பது இதனால்தான். நிலா வெளிச்சமும் எதிரி, சிதறிய நிலவொளி தானே தளவிளைவுற்றது; நிலாவிலிருந்து 90 டிகிரியில் அது உச்சம். நிலா இருக்கும் இரவில் அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி தூசி. நம் பால்வழி மண்டலத் தூசி தரும் தளவிளைவின் மேல்வரம்புக்கு ஒரு கைக்கணக்கு: நிறச்சிவப்பேற்ற மதிப்பை (தூசி நீல ஒளியைக் கூடுதலாக விழுங்குவதால் ஒளி எவ்வளவு சிவந்தது என்ற அளவை) ஒன்பதால் பெருக்கினால் சதவீதம். சிவப்பேற்றம் 0.1 என்றால் 0.9 சதவீதம் வரை. தேடும் சரக்கே அவ்வளவுதானே! தப்பிக்க வழிகள் உண்டு. தூசியின் தளவிளைவு பச்சை ஒளி அருகே, சுமார் 5,500 ஆங்ஸ்ட்ராமில் உச்சம் தொட்டு இருபுறமும் மெதுவாகச் சரியும், எலெக்ட்ரான் சிதறலோ நிறம் பார்க்காது. வெடிப்புக்குப் பக்கத்தில் தெரியும் நம் மண்டல விண்மீன்களையும் அளந்து ஒப்பிடலாம். எளிய வழி காத்திருப்பது: தூசி நாளுக்கு நாள் மாறாது, வெடிப்பு மாறும். மாறிய பங்கு வெடிப்புடையது.

இப்படி அளந்ததில் தெரிந்தது என்ன? வெண் குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய சிறு விண்மீன்) வெடிக்கும் வகையில் பொதுவாகத் தளவிளைவு குறைவு, ஏறக்குறைய உருண்டை. 2001இன் எஸ்என் 2001இஎல்லில் ('எஸ்என்' என்பது சூப்பர்நோவாவின் சுருக்கம்) மொத்த ஒளி 0.2 சதவீதமே காட்டியபோதும், நிறமாலையில் அதிவேகக் கால்சியத்தின் கோடு 0.7 சதவீதம் வரை போயிற்று: கால்சியம் சீராகப் பரவாமல் கட்டியாகக் கிடந்தது. பெரிய மீனின் உட்கரு குலைந்து வெடிக்கும் வகை வேறு மாதிரி. 2004இல் என்ஜிசி 2403 என்ற விண்மீன் மண்டலத்தில் வெடித்த எஸ்என் 2004டிஜே, ஹைட்ரஜன் போர்வை மூடியிருந்த வரை பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. போர்வை விலகி உள்ளே தெரிந்ததும் தளவிளைவு திடீரென்று ஏறியது. கோணல் அடியிலேயே இருந்திருக்கிறது. நைனிதாலின் 104 செ.மீ. சம்பூர்ணானந்த் தொலைநோக்கியிலும் இப்படி வெடிப்புகளின் தளவிளைவை அளந்திருக்கிறார்கள். எஸ்என் 2012ஏடபிள்யூ அவற்றில் ஒன்று.

ஒரு எச்சரிக்கை. கோணம் வெடிப்பின் அச்சு வானில் எந்தத் திசையில் கிடக்கிறது என்று சொல்லும். அது நெட்டச்சா குட்டையச்சா என்பதைக் கணினி மாதிரியோடு ஒப்பிட்டே தீர்க்க வேண்டும். நீள உருண்டையை அதன் முனைப்பக்கமாகப் பார்த்தால் அதுவும் வட்டம்தான், தளவிளைவு சுழி. ஒரு வெடிப்பில் சுழி வந்ததால் அது உருண்டை என்று சொல்லிவிட முடியாது, பல வெடிப்புகளைச் சேர்த்தே பேச முடியும்.

2024 ஏப்ரல் 10இல் என்ஜிசி 3621 மண்டலத்தில் தெரிந்த எஸ்என் 2024ஜிஜிஐ சுமார் 2.2 கோடி ஒளியாண்டு தொலைவில் இருந்தது. கண்டுபிடித்த 26 மணி நேரத்துக்குள் சிலியில் உள்ள, 'மிகப்பெரிய தொலைநோக்கி' (விஎல்டி) என்றே பெயர் கொண்ட தொலைநோக்கியின், தளவிளைவு அளக்கும் ஃபோர்ஸ்2 கருவியை அதன் பக்கம் திருப்பினார்கள். அதிர்ச்சி அலை மீனின் மேற்பரப்பைக் கிழித்து வெளிவரும் கட்டத்தின் வடிவம் அதில் அகப்பட்டது. செய்திகளில் அதை 'ஆலிவ் வடிவம்' என்றார்கள். ஆலிவ் நமக்குப் பழக்கமான பழமில்லை, ஊறுகாய்ப் புட்டியில் பார்த்தால் உண்டு. நாவற்பழ வடிவம் என்று எழுதலாம்: ஒரு பக்கம் நீட்சி, அந்த நீட்சியைச் சுற்றி எல்லாப் புறமும் ஒரே திரட்சி. வெடித்த பொருள் சுற்றியிருந்த பொருளில் மோதியபோது பழம் தட்டையாயிற்று. அச்சு மட்டும் அதே திசையில் நின்றது.