ஜிபிஎஸ் இல்லாமல் கரை எவ்வளவு தூரம்?

"கருங்கடல் பக்கம் ஜிபிஎஸ் சிக்னலையே குழப்பிவிடுகிறார்களாமே, அப்புறம் மாலுமி பாறையில் மோதாமல் எப்படி ஓட்டுவார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரேடார் இருக்கிறது. ஆனால் ரேடாருக்கும் முந்தைய வித்தை ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரிகிற ஒரு கலங்கரை விளக்கம், ஒரு திசைகாட்டி, ஒரு கடிகாரம், பத்தாம் வகுப்பு டேன்ஜென்ட் போதும்.

பத்தாம் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டிருப்பீர்கள்: விளக்கின் உயரம் 60 மீட்டர், இறக்கக் கோணம் 30 டிகிரி, கப்பல் எவ்வளவு தொலைவில்? விடை சுமார் 104 மீட்டர். அவ்வளவு கிட்டே வந்த கப்பல் பெரும்பாலும் தரைதட்டி நிற்கும். கணக்கு எழுதியவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நிஜத்தில் 5 கிலோமீட்டர் தள்ளியிருந்தால் கோணம் 0.7 டிகிரிகூட வராது. ஆடுகிற தளத்தில் நின்று அதை அளக்க நல்ல செக்ஸ்டன்ட் (மாலுமிகளின் கோணம் அளக்கும் கருவி) வேண்டும்.

மாலுமிகள் அந்த முக்கோணத்தைக் கடல்மேல் படுக்கப் போட்டார்கள். விளக்கின் உயரம் இனி தேவையில்லை. கப்பல் ஓடிய தூரமே ஒரு பக்கம்.

கப்பல் நேராக, சீரான வேகத்தில் போகிறது. போகும் திசைக்கு 45 டிகிரியில் விளக்கு தெரியும்போது மணியைக் குறித்துக்கொள்கிறீர்கள். சரியாகப் பக்கவாட்டில், அதாவது 90 டிகிரியில், வரும்போது மறுபடி பார்க்கிறீர்கள். இடையில் ஓடிய தூரம்தான் விளக்குக்கு உள்ள தூரம். 45 டிகிரிக்கு டேன் 1 என்பதால் வேறு கணக்கே இல்லை. சரி, ஆனால் விளக்குக்கு நேரே வந்தபிறகு தூரம் தெரிந்து என்ன செய்ய? பாறை இருந்தால் அதற்குள் இடித்திருக்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. முதல் கோணத்தை 26½ டிகிரி, இரண்டாவதை 45 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 26½ டிகிரிக்கு டேன் கிட்டத்தட்ட அரை. விளக்கைப் பக்கவாட்டில் கடக்கப்போகிற தூரம் 'தூ' என்றால், முதல் பார்வையில் அந்த இடத்துக்கு இன்னும் 2 தூ ஓட வேண்டும். இரண்டாவது பார்வையில் ஒரு தூ. இடையில் ஓடியது ஒரு தூ. அதாவது, விளக்கை எவ்வளவு தள்ளிக் கடப்போம் என்பது கடப்பதற்கு முன்பே கையில்! 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் இரண்டு பார்வைக்கும் இடையே 15 நிமிடம் ஆனது என்றால், ஓடியது 3 கடல் மைல். இன்னும் 15 நிமிடத்தில் விளக்கை 3 கடல் மைல் தள்ளிக் கடப்போம். வரைபடத்தில் பாறைத்திட்டு மூன்றரை மைல்வரை நீண்டிருக்கிறதா? இப்போதே சுக்கானைத் திருப்பலாம்.

இந்த ஒரு கணக்கைப் பாடத்தில் வைத்தால் டேன் எதற்கு என்று எந்தப் பிள்ளையும் கேட்காது என்பது என் கட்சி. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியே, கைவிட்டிருந்த நட்சத்திர வழிகாணலை 2015-இல் மீண்டும் பாடத்தில் சேர்த்தது.

ஒரே ஆபத்து, நீரோட்டம். வேகமானி காட்டுவது தண்ணீரைப் பொறுத்த வேகம். எதிர்நீரோட்டத்தில் 3 மைல் ஓடியதாக அது சொன்னாலும், தரையைப் பொறுத்து இரண்டரைதான் நகர்ந்திருப்போம். விளக்கைக் கடப்பதும் இரண்டரை மைல் தள்ளித்தான் இருக்கும். அதனால் எதிர்நீரோட்டம் என்று சந்தேகம் வந்தாலே, கணக்கில் வந்த தூரத்தைக் குறைத்து எடுத்துக்கொண்டு கரையைவிட்டு இன்னும் விலகி ஓட்டுவார்கள்.