குரோஷே பின்னும் கைகளுக்கு ஏன் வலி வருகிறது?

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே கற்கத் தொடங்கும் பலருக்கு இரண்டு மூன்று வாரத்துக்குள் கட்டைவிரலின் அடியிலோ மணிக்கட்டிலோ வலி எட்டிப்பார்க்கிறது. சிலர் "இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்று ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சிலர் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு விடாமல் பின்னுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. கைவலியோடு பிசியோதெரபிக்கு வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது எக்ஸ்ரேயை அல்ல. ஊசி, நூல், பாதி பின்னிய துணி மூன்றையும் எடுத்து வரச் சொல்கிறோம். துணி தொங்காமல் அட்டை மாதிரி விறைத்து நின்றால் பாதி விஷயம் விளங்கிவிடும். அநேகமாகக் கையைக் கெடுப்பது இறுக்கம். எத்தனை மணி நேரம் பின்னினோம் என்பது அதற்கு அடுத்தபடிதான்.

கண்ணி எங்கே இறுகுகிறது

குரோஷே ஊசியின் நுனியில் கொக்கி, அதை ஒட்டி ஒடுங்கிய கழுத்து, அதற்கும் கீழே ஒரே பருமனில் தண்டு. 5 மி.மீ. ஊசி என்றால் அந்தத் தண்டின் விட்டம்தான் 5 மி.மீ. கண்ணியின், அதாவது ஊசியில் விழும் நூல் வளையத்தின், அளவைத் தண்டுதான் தீர்மானிக்க வேண்டும். புதியவர்கள் கண்ணி கழுத்தில் இருக்கும்போதே நூலைச் சுண்டி இழுத்துவிடுகிறார்கள். அடுத்த வரிசையில் கொக்கி அதற்குள் நுழையாது. குத்தித் திருகி நுழைக்க வேண்டும், வெளியே எடுக்கும்போதும் மாட்டும். ஒரு ஸ்கார்ஃபில் ஆயிரக்கணக்கான கண்ணிகள். ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாய, கட்டைவிரல் ஊசியை அழுத்திப் பிடிக்கிறது.

கட்டைவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்தால் வருவது டி குவெர்வேன் வலி. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கத்து எலும்புமேட்டில் சுருக்கென்று குத்தினால் இந்த வலியாக இருக்கலாம். இந்தச் சோதனையில் நல்ல கைக்கும் கொஞ்சம் இழுக்கும் என்பதால் இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நாற்பத்தைந்து, ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு வலி இன்னும் உள்ளே, கட்டைவிரலின் அடிமூட்டில் இருக்கும். மூட்டுத் தேய்மானம் அங்கே சாதாரணம். விரல்நுனியில் ஒரு பொருளைக் கிள்ளிப் பிடிக்கும்போது அந்த விசை அடிமூட்டில் பல மடங்காக இறங்குகிறது. ஊசி எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு அழுத்திக் கிள்ள வேண்டியிருக்கிறது.

ஊசி, நூல், பிடி

ஆரம்பத்துக்கு 5 மி.மீ. ஊசி, ரப்பர் பிடி வைத்த அலுமினியம் போதும். நூல் வெளிர் நிறத்தில், வழவழப்பாக, நடுத்தரப் பருமனில் அக்ரிலிக் ஆக இருக்கட்டும். பருத்தி நூல் அழகுதான், ஆனால் நீண்டு கொடுக்காது. அக்ரிலிக்கில் விரல் கொஞ்சம் தவறினாலும் நூல் நெகிழ்ந்து ஈடுகட்டிவிடும், பருத்தியில் அந்த வேலையையும் விரலே செய்ய வேண்டும். கறுப்பு, கருநீலம், பூனைமுடி போன்ற வெல்வெட் நூல்கள் எதிலும் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைத் தேடிக் கழுத்து குனியும்.

நரசாபூர் லேஸைப் பார்த்து ஆசைப்பட்டு 1 மி.மீ. எஃகு ஊசியோடு தொடங்குபவர்கள் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற அந்த ஆந்திர லேஸ், தலைமுறை தலைமுறையாகப் பின்னிப் பழகிய கைகளின் வேலை. முதல் மாதத்துக்கு அது வேண்டாம்.

கைவசம் இருப்பது மெல்லிய ஊசிதான் என்றால் பென்சிலுக்குப் போடும் ஸ்பாஞ்ச் உறையை மாட்டுங்கள். இல்லாவிட்டால் பருத்தித் துணி நாடாவைச் சுற்றி, பிடி ஒன்றரை செ.மீ. பருமனுக்கு வரும்படி செய்யுங்கள். பேனாபோல் பிடிப்பதா, கத்திபோல் பிடிப்பதா என்று இணையத்தில் ஓயாத சண்டை. எங்களுக்கு இரண்டும் சம்மதம். கட்டைவிரல் அடி வலிப்பவர்களுக்கு மட்டும் கத்திப் பிடியைச் சொல்கிறோம், அதில் உள்ளங்கையும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்.

வலக்கையால் பின்னுபவர்களில் பலருக்கு முதலில் வலிப்பது இடக்கை, அதாவது நூல் பிடிக்கும் கை. ஆள்காட்டி விரலை விறைப்பாகத் தூக்கியே வைத்திருப்பதுதான் காரணம். நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி, நடு இரண்டு விரல்களுக்கு அடியில் விட்டு, ஆள்காட்டி விரலின்மேல் கொண்டு வாருங்கள். அந்த விரல் லேசாக வளைந்திருந்தால் போதும். நூல் உருண்டையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் முன்கூட்டியே உருவி மடியில் தளர்வாகப் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு கண்ணிக்கும் உருண்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இறுக்கத்தைத் தளர்த்தும் பயிற்சி

அடிச் செயினை, அதாவது தொடக்கத்தில் போடும் கண்ணிச் சங்கிலியை, மட்டும் 6 மி.மீ. ஊசியில் போடுங்கள், மிச்சத்தை 5 மி.மீ. ஊசியில் தொடருங்கள். 20 செயின் போட்டு, ஊசியிலிருந்து எண்ணி இரண்டாவது செயினில் முதல் சிங்கிள் குரோஷே (அடிப்படையான குட்டைக் கண்ணி). வரிசை முடிவில் 19 இருக்க வேண்டும். பிறகு ஒரு செயின் போட்டுத் திரும்பி மறுபடி 19. ஓரம் வரிசைக்கு வரிசை குறுகினால், கடைசிக் கண்ணி விட்டுப்போகிறது என்று அர்த்தம். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறு நிற நூல்துண்டைக் கோத்து வைத்தால் இது நின்றுவிடும். கண்ணி விட்டுப்போவதைக் கைவலிக் கட்டுரையில் சொல்லக் காரணம், பிரித்துப் பிரித்துப் பின்னுவதும் கைக்கு இரட்டை வேலை என்பதுதான். அதேபோல் அமெரிக்க முறையில் சிங்கிள் என்பது பிரிட்டிஷ் முறையில் டபுள். எந்த முறையில் எழுதிய பின்னல் குறிப்பு என்று பார்க்காமல் ஆரம்பித்தால் முழுத் துண்டையும் பிரிக்க நேரும்.

பத்து வரிசை ஆனதும் துணியை விரலில் தொங்கவிடுங்கள். வளையவில்லை என்றால் அதே நூலில் 5.5, அப்புறம் 6 மி.மீ. ஊசியில் பின்னிப் பாருங்கள். "தளர்வாகப் பின்னுங்கள்" என்ற அறிவுரையைவிட அரை மி.மீ. பெரிய ஊசி சீக்கிரம் வேலை செய்கிறது.

நேரம்: முதல் இரண்டு வாரம் ஒரு தடவைக்கு 20 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. வலி இல்லை என்றால் மெதுவாகக் கூட்டலாம். "இந்த வரிசையை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்பதுதான் பெரிய வில்லங்கம், வரிசை முடிந்தாலும் அது முடியாது. அலாரம் அடித்ததும் வரிசையின் நடுவிலேயே கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டு எழுந்துவிடுங்கள்.

இடைவேளையில் விரல்களை நேராக நீட்டி, கொக்கிபோல் மடக்கி, மறுபடி நீட்டி, முழுதாக மூடி, நீட்டி, ஐந்து முறை செய்யலாம். நெட்டி முறிப்பது பயிற்சியில் சேராது. வலிக்கும் இடத்தை அழுத்தி உருவிவிடவும் வேண்டாம், வீங்கிய உறை இன்னும் எரிச்சலடையும். துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் வையுங்கள்.

உட்காரும்போது மடியில் ஒரு தலையணை, அதன்மேல் முழங்கை. வீடியோ பார்த்துப் பின்னுபவர்கள் போனை மடியில் வைக்காமல் கண்மட்டத்துக்கு நிறுத்த வேண்டும். போர்வை பின்னினால் முடிந்த பகுதியின் பாரம் கையில் தொங்கக் கூடாது, மேஜைமேல் கிடக்கட்டும்.

ஒயர் கூடை போடுபவர்களுக்குப் பிரச்சினை வேறு. சிவன் கண், நெல்லிக்காய் என எந்தப் பின்னலானாலும் ஒவ்வொரு முடிச்சையும் விரலால் சுண்டி இறுக்க வேண்டும். விரலை மடக்கும் தசைநாண் உள்ளங்கையில் சிக்கி, விரல் மடங்கி நின்று டக்கென்று நிமிரும் ட்ரிக்கர் ஃபிங்கர் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது வர வாய்ப்பு அதிகம். விரலில் துணி டேப் சுற்றிக்கொண்டு, கடைசி இறுக்கலுக்குக் குறடு பயன்படுத்தலாம். ஆரி வேலையில் கைக்கு முன்னால் கழுத்து போய்விடும். சட்டத்தை உயர்த்துவதுதான் வழி.

மரத்துப்போனால்

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, இரவில் எழுந்து கையை உதற வேண்டியிருந்தால் மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல் பிரச்சினையைச் சந்தேகிக்கிறோம். கர்ப்பிணிகளுக்கும், தைராய்டு குறைபாடோ சர்க்கரையோ உள்ளவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளின்ட் பலருக்கு உதவும். கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுவது அதற்கு மாற்றல்ல. ஸ்ப்ளின்டோடு பின்னவும் கூடாது, அதை எதிர்த்து வளைக்கப் பார்த்தால் விரல்களுக்குத்தான் சுமை கூடும். சுண்டுவிரல் மரத்தால் மணிக்கட்டை விட்டுவிட்டு முழங்கையைப் பாருங்கள். நாற்காலிக் கைப்பிடியில் அதை ஊன்றிக்கொண்டே பின்னுகிறீர்களா?

மேலே சொன்னதையெல்லாம் மாற்றியும் இரண்டு வாரத்தில் குறையாத வலி, கைப்பொருள் நழுவுவது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, கட்டைவிரல் அடியில் சதை வற்றுவது ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால் அதைப் பின்னலின் தலையில் போடாதீர்கள், முடக்குவாதத்துக்கான பரிசோதனை தேவைப்படலாம்.

வலி அடங்கியபின் மறுபடி தொடங்குபவர்கள் 6 மி.மீ. ஊசியில் 10 நிமிடம் பின்னிப் பார்க்கலாம். மறுநாள் காலை கை எப்படி இருக்கிறது என்று பார்த்து அடுத்த தடவையை முடிவு செய்யுங்கள். அமிகுருமி பொம்மைகளைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரியாமலிருக்க நூலுக்குரியதைவிடச் சிறிய ஊசியில், வேண்டுமென்றே இறுக்கிப் பின்னுவது அது.