பால் பத்துதா?

பிள்ளை பெற்று வீடு திரும்பிய வாரத்திலேயே இந்தக் கேள்வி ஆரம்பித்துவிடும். கேட்பது மாமியாராக இருக்கலாம், பக்கத்து புளோக் ஆன்ட்டியாக இருக்கலாம். பதில் வருவதற்கு முன்பே சிங்கப்பூர்த் தேக்கா சந்தையிலிருந்து பால் சுறா வந்து இறங்கும், அடுப்பில் பூண்டுக் குழம்பு கொதிக்கும். எல்லாம் அக்கறைதான். ஆனால் பால் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால், வீட்டில் நடக்கும் பாதிப் பதற்றம் தேவையில்லாதது என்று புரியும்.

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பு பால் சுரக்கத் தயாராகிவிடுகிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்த ஹார்மோன் சரசரவென்று இறங்குகிறது, தடை விலகுகிறது. ஆனாலும் மார்பு கனத்துப் பால் பெருகுவது 2 முதல் 4 நாளுக்குள்தான். அதுவரை வருவது மஞ்சள் நிறச் சீம்பால், அதுவும் சில தேக்கரண்டி அளவு. சிசேரியன், நீரிழிவு, அதிக ரத்தப்போக்கு இருந்தால் இன்னும் ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். இதே நாட்களில் குழந்தையின் எடையும் குறையும். பிறந்தபோது இருந்ததில் 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம். 10 சதவீதத்தை எட்டினால் மருத்துவர் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிடும். 'பாலே இல்லை' என்ற தீர்ப்பு பல வீடுகளில் எழுதப்படுவது இந்த இடைவெளியில்தான்.

அப்புறம் கதை மாறுகிறது. குழந்தை சப்பும்போது அம்மாவின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. புரோலாக்டின் பாலைத் தயாரிக்கச் சொல்கிறது. ஆக்சிடோசின் பால் பைகளைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்கி, தயாரானதை வெளியே தள்ளுகிறது. இந்த ஆக்சிடோசின் கொஞ்சம் விசித்திரமான ஆள். எம்ஆர்டி ரயிலில் யாரோ ஒருவர் குழந்தை அழுதால்கூட நம் சட்டை நனைந்துவிடும். வலி, பயம், பதற்றம் என்றால் தயங்கி நிற்கும். பக்கத்திலேயே நின்று "வருதா, வருதா?" என்று கேட்பவரை அறைக்கு வெளியே அனுப்புவது உடலியல் ரீதியாகவும் நல்லதுதான்.

நாள் போகப்போக ஹார்மோனைவிட மார்பே அதிகம் முடிவு செய்கிறது. இறைக்கிற கிணறு ஊறும் என்பார்களே, அதேதான். பால் தேங்கி நின்றால் அந்த அழுத்தமும், பாலிலேயே உள்ள சில வேதிப்பொருட்களும் சுரப்பு செல்களை மெதுவாக்குகின்றன. காலியாகக் காலியாகச் சுரப்பு வேகமாகிறது. இடது, வலது இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஒரு பக்கம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் மறுபக்கம் வற்றத் தொடங்கும்.

இப்போது அந்த அன்பான வாக்கியத்தைப் பாருங்கள்: "நீ தூங்கும்மா, ராத்திரி நான் பால் மாவு கலக்கித் தர்றேன்." புரோலாக்டின் அதிகமாக இருப்பது இரவில். அந்த வேளைகள் தவறினால் மார்பு நிறைந்து நிற்கும், தேவை குறைந்துவிட்டது என்று உடல் எடுத்துக்கொள்ளும். சில நாளில் உண்மையிலேயே குறையும். 'நான் அப்பவே சொன்னேனே' என்று வீடும் சொல்லும். தூக்கம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஒரு வேளையைப் புட்டிக்கு விட்டால், முடிந்தபோது பம்ப் போட்டு எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு பொறி ஆறாவது வாரத்தைச் சுற்றி வரும். சாயங்காலம் குழந்தை அழுதுகொண்டே இருக்கும், அரை மணிக்கு ஒருதரம் கேட்கும். அதே சமயம் மார்பும் பழையபடி மெத்தென்று ஆகிவிடும். வற்றிவிட்டது என்று தோன்றும். ஆரம்பத்தில் உபரியாகச் சுரந்தது தேவைக்கு ஏற்ப ஒழுங்குபட்டிருக்கிறது, வேறொன்றுமில்லை.

ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர் பால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் குழந்தைகளை எடை போட்டுப் பார்த்தார்கள். 2006இல் வந்த அந்த ஆய்வில், 1 முதல் 6 மாதக் குழந்தைகள் நாளுக்குக் குடித்தது சராசரியாக 790 மில்லி அளவு. ஆனால் ஒரு குழந்தை 500க்கும் குறைவு, இன்னொன்று 1,300க்கும் மேல். எல்லாம் நன்றாக வளர்ந்த குழந்தைகள். இருக்கிற பாலில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அவை சராசரியாகக் குடித்திருந்தன. ஆக, அக்கா மகன் குடித்த அளவோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

சரி, பத்தியச் சாப்பாடு? 1991இல் அமெரிக்காவில் ஒரு சுவையான ஆய்வு நடந்தது. அம்மா பூண்டு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் பாலில் பூண்டு வாசனை உச்சத்துக்குப் போனது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை, கூடுதல் நேரம் மார்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் குடித்த பாலின் அளவு உறுதியாகக் கூடியது என்று சொல்ல முடியவில்லை. வெந்தயத்துக்கும் உறுதியான சான்று குறைவு. சுறாவில் நல்ல புரதம் இருக்கிறது, ஆனால் சுறா பிற மீன்களைத் தின்னும் மீன் என்பதால் பாதரசமும் சேரும். பாலூட்டும் காலத்தில் எப்போதாவது ஒருநாள் சுறாப் புட்டு போதும், மற்ற நாளுக்கு வேறு மீன் வாங்கலாம். தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாலில் 87 சதவீதம் தண்ணீர், நம் ஊர் வெயிலோ தெரிந்ததே. தாகத்துக்குக் குடித்தால் போதும், குடம் குடமாகக் குடித்தாலும் பால் அதிகமாகாது.

நிஜமாகவே பால் குறைவாக உள்ள தாய்மார்களும் உண்டு. தைராய்டு கோளாறு, மார்பில் நடந்த அறுவை சிகிச்சை, கருப்பையில் தங்கிய நஞ்சுக்கொடித் துணுக்கு, சுரப்புத் திசு போதாமை என்று காரணங்கள் இருக்கலாம். அவர்களைப் 'பம்ப் போடு, சரியாகும்' என்று விரட்டுவது கொடுமை. பால் மாவு அங்கே உணவு, குற்றமல்ல. பார்க்க வேண்டிய அடையாளம் எளிது: ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டும், எடை ஏற வேண்டும். குழந்தை குடிக்க எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மஞ்சள் காமாலை கூடுவதுபோல் தெரிந்தாலோ அன்றே பலதுறை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள்.

குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதென்றால் பேறுகால விடுப்பு பொதுவாக 16 வாரம். வேலைக்குத் திரும்பிய அன்று பம்பில் 60 மில்லி வந்தால் மனம் உடைந்துவிடும். பம்ப் எடுப்பது பம்பால் எடுக்க முடிந்ததைத்தான், ஆக்சிடோசினுக்கு இயந்திரத்தை அவ்வளவாகப் பிடிக்காது. குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தால் சிலருக்கு உதவுகிறது. எடுத்த பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாள். வீடு திரும்பும் வழிக்கு ஐஸ் கட்டி வைத்த பை அவசியம். கூட்டம் இழுத்து ஒரு வேளை தவறினால் ஒன்றும் ஆகிவிடாது, தினமும் தவறினால்தான் சுரப்பு இறங்கும். அதனால் விடுப்பு முடிவதற்கு முன்பே மேலாளரிடம் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.